வாசகர் கேள்வி – பதில்: பழைய கேம்பர் வேனுக்கு எந்த டயர்?

கேள்வி: 1988இல் தயாரான ஃபோக்ஸ்வாகன் டி3 டர்போ டீசல் கேம்பர் வேன் (உள்ளேயே தங்கிச் சமைக்கும் வசதியுள்ள வண்டி) ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். கோடையில் குடும்பத்துடன் ஜெர்மனியின் ஹாம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போய், அப்படியே வடகடல் கரைக்கும் செல்ல எண்ணியிருக்கிறோம். டயர்களின் பட்டன் (தரையைப் பிடிக்கும் வரிப்பள்ளம்) புதிது போலவே இருக்கிறது. பக்கச்சுவரில் 2311 என்ற எண் காணப்படுகிறது. மாற்றத்தான் வேண்டுமா? மாற்றினால், கடைக்காரர் குறைந்த விலையில் தருவதாகச் சொல்லும் 185/80 ஆர்14 91 அளவுள்ள கார் டயர் போதுமா?
– வாசகர் ஒருவர், ஷ்டுட்கார்ட்

பதில்: கட்டாயம் மாற்ற வேண்டும். டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கின்றன. ஆகவே உங்கள் டயர்கள் 2011 ஜூன் மாதத்தில் பிறந்தவை. கேம்பர் வேன் ஆண்டின் பெரும்பகுதி நின்றுகொண்டே இருப்பதால், அதன் டயர்கள் தேய்ந்து கெடுவதைவிட மூப்படைந்து கெடுவதே அதிகம். ஆக்சிஜன், ஓசோன், வெயில் ஆகியவற்றால் ரப்பர் இறுகிப் பக்கச்சுவரில் மயிரிழைபோல் வெடிப்பு விடுகிறது. அதைக் கண்ணால் பார்த்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல், உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிப் பட்டைகளை ரப்பரோடு பிணைக்கும் பிடிப்பும் தளர்ந்துகொண்டே வரும். முழுச் சுமையோடு வெயில் நாளில் நெடுஞ்சாலையில் ஓடும்போது டயர் சூடேறி, மேற்பட்டை அப்படியே உரிந்து போவது இதனால்தான். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் பத்து ஆண்டுகளில் கழற்றிவிட வேண்டும் என்பது மிஷ்லன் போன்ற தயாரிப்பாளர்களின் அறிவுரை. கேம்பர் வேனைப் பொறுத்தவரை ஏழு ஆண்டுகளைத் தாண்டியதை நான் நம்ப மாட்டேன்.

முழுக் குறியீடு பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்நோக்கி மாட்டப்பட்டிருந்தால், டார்ச் விளக்கோடு வண்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்க முடியும். அப்படிப் படுக்கும்போது, முன்பகுதியின் அடியில் தட்டில் கிடக்கும் ஸ்டெப்னியின் எண்ணையும் பார்த்துவிடுங்கள். நான்கு சக்கரத்துக்கும் புது டயர் போட்டுவிட்டு இதை மறந்துவிடுபவர்கள் அநேகர்.

இனிக் கடைக்காரர் சொன்ன டயருக்கு வருவோம். அளவுக்குப் பின்னால் வரும் 91 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். உங்கள் வண்டிப் பதிவுப் பத்திரத்தில் பின் அச்சுக்கு 1,300 கிலோ அனுமதி என்று இருந்தால், ஒரு டயருக்கு 650 கிலோ வருகிறது. ஆகவே, அச்சு முழுச் சுமையை ஏற்கும் நாளில் அந்தக் கார் டயர் தன் வரம்பைத் தாண்டிவிடும். எஞ்சின் பின்னால் இருக்கும் வண்டியில் தண்ணீர்த் தொட்டி, எரிவாயு உருளை, மிதிவண்டிகள், பிள்ளைகள் என்று ஏற்றிவிட்டால் அந்த நாள் வர நெடுங்காலம் ஆகாது. பயணத்துக்குப் புறப்படும் நிலையிலேயே வண்டியைப் பொது எடைமேடைக்குக் கொண்டுபோய், முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். டயர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய செலவு இதுதான் என்பது என் கருத்து.

இவ்வண்டிக்குப் பொருத்தமானது 185 ஆர்14 சி, சுமைக் குறியீடு 102. ‘சி’ என்ற எழுத்து, வேன்களுக்காகப் பக்கச்சுவர் வலுவாக்கப்பட்ட டயரைக் குறிக்கிறது. 102 என்றால் 850 கிலோ. உயரமான வேனைக் குறுக்குக் காற்று தள்ளும்போது, கார் டயரின் மென்மையான பக்கச்சுவர் நெளிவதைச் ஸ்டியரிங்கிலேயே உணரலாம். சி டயரில் அந்த ஆட்டம் வெகுவாகக் குறையும். 205/70 ஆர்14 வலுவூட்டிய வகை, குறியீடு 97 அல்லது அதற்கு மேல், என்பதும் ஏற்கத்தக்கதே; அதன் விட்டம் 185 ஆர்14 சியைவிட ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான் குறைவு. எதுவானாலும் அந்த அளவு உங்கள் பதிவுப் பத்திரத்தின் 15.1, 15.2 கட்டங்களில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் டியூஃப் போன்ற ஆய்வு நிலையத்தில் கேட்டு, ஒப்புதல் பெற்ற பிறகே மாட்ட வேண்டும். 14 அங்குலத்தில் தேர்வு சுருங்கி வருவதால் பலர் 15, 16 அங்குலச் சக்கரங்களுக்கு மாறுகிறார்கள். அதற்கும் இதே நடைமுறைதான். வேகக் குறியீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம்; 160 கிலோமீட்டரைக் குறிக்கும் ‘கியூ’ எழுத்தே போதும், உங்கள் டீசல் வண்டி 130ஐ எட்டினாலே பெரிய காரியம்.

குளிர்காலத்திலும் ஓட்டுவதாக இருந்தால், மலையும் பனித்துகளும் சேர்ந்த முத்திரை உள்ள டயரையே வாங்குங்கள். 2024 அக்டோபர் 1 முதல் ஜெர்மனியில் எம்+எஸ் (சேறும் பனியும்) என்ற எழுத்து மட்டும் உள்ள டயர் குளிர்கால டயராகக் கருதப்படுவதில்லை.

கேள்வி: எங்கள் 2003 ஃபியட் டுக்காட்டோ கேம்பரில் 215/70 ஆர்15 சிபி டயர்கள் உள்ளன. சி போட்டாலும் போதும் என்கிறார்களே? காற்று எவ்வளவு அடைக்க வேண்டும்?
– வாசகி ஒருவர், லண்டன்

பதில்: சிபி என்பது கேம்பருக்கென்றே வந்த வகை, எப்போதும் முழுச் சுமையோடு, நெடுநாள் ஒரே இடத்தில் நிற்கும் வண்டியை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டது. அதே சுமைக் குறியீடுள்ள சி டயர் எடையைத் தாங்கும் என்பது உண்மையே. ஆனாலும் வண்டியோடு சிபி வந்திருந்தால் சிபியிலேயே தொடர்வது நல்லது. பின் சக்கரங்களில் சிபி டயருக்கு 5.5 பார், அதாவது 80 பிஎஸ்ஐ, என்பது பொதுவாகச் சொல்லப்படும் காற்றழுத்த அளவு. அச்சு எடையைத் தெரிவித்தால் தயாரிப்பாளரே உங்கள் வண்டிக்குரிய அளவைச் சொல்வார். பழைய பழக்கத்தில் அந்த 80ஐச் சி டயரில் அடைத்துவிடாதீர்கள். அதன் பக்கச்சுவரில் 65 என்று இருந்தால் அதுவே எல்லை. சாதாரண ரப்பர் வால்வுகளும் 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். ஆகவே சிபிக்கு உலோக வால்வு பொருத்தும்படி கடையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கையில் கிடைத்ததை மாட்டிவிடுவார்கள்.

கேள்வி: இப்போதைக்கு இரண்டு டயர் வாங்கத்தான் பணம் இருக்கிறது. எங்கள் வண்டி முன்சக்கர இழுவை; எங்கே மாட்டுவது?
– வாசகர் ஒருவர், பாரிஸ்

பதில்: பின்னால். முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். மழையில் பின்பக்கம் விலகினால், உயரமான வண்டியைத் திரும்ப நேராக்குவது தேர்ந்த ஓட்டுநருக்கே கடினம். முன்னால் போகும் பழைய இரண்டும் பட்டன் ஆழத்திலும் வயதிலும் தேறுபவையாக இருந்தால் மட்டுமே இந்த ஏற்பாடு; அவையும் பத்தாண்டைக் கடந்தவை என்றால், நான்குக்கும் பணம் சேரும்வரை பயணத்தைத் தள்ளிவையுங்கள்.