டயட், புரோபயாடிக், குடல் பாக்டீரியா: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: மாவுச்சத்தை அடியோடு நிறுத்திவிட்டேன். எடை இறங்குகிறது. குடல் பாக்டீரியாவுக்கு ஏதாவது ஆகுமா?

ஆகும், அதுவும் சில நாட்களிலேயே. 2014-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில் இறைச்சி, முட்டை, சீஸ் என்று ஐந்து நாள் சாப்பிட்டவர்களுக்கே தாவர நாரைச் சிதைக்கும் இனங்கள் குறைந்து, பித்தநீரைத் தாங்கும் இனங்கள் கூடின. நான் கவலைப்படுவது பியூட்டிரேட்டைப் பற்றி. பாக்டீரியா நார்ச்சத்தைத் தின்று வெளிவிடும் கொழுப்பு அமிலம் அது, பெருங்குடல் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். மாவுச்சத்தை வெட்டுகிறேன் என்று பயறு, காய், பழம் எல்லாவற்றையும் சேர்த்து வெட்டினால் அதுவும் குறையும். அரிசி, சர்க்கரையைக் குறையுங்கள், நாரில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: தினமும் 800 கலோரி திரவ உணவு மட்டும், சரியா?

மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் வேண்டாம். 2021-இல் வெளியான ஆய்வில் இதே அளவு டயட்டை மாதவிடாய் நின்ற பெண்களிடம் சோதித்தார்கள். எடை நன்றாகவே இறங்கியது, கூடவே கடும் வயிற்றுப்போக்கு தரக்கூடிய குளோஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா கூடியிருந்தது. தராசைப் பார்த்துக் குடல் நலத்தை முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: எடை குறைக்க எந்த பிராண்ட் புரோபயாடிக்?

எதுவும் வேண்டாம். புரோபயாடிக் என்பது உடலுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளும் உயிருள்ள நுண்ணுயிர்கள். பலன் தெரிந்த ஆய்வுகளிலும் குறைந்த எடை அற்பம். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், கீமோவில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

கேள்வி: ஆன்டிபயாடிக் முடிந்ததும் புரோபயாடிக் கட்டாயம்தானே?

இல்லை. இஸ்ரேலின் வைஸ்மன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 2018 ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பின் புரோபயாடிக் எடுத்தவர்களுக்குச் சொந்த பாக்டீரியா திரும்பி வர, ஒன்றுமே எடுக்காதவர்களைவிட அதிக நாளானது.

மறுப்பு: அந்த ஆய்வில் இருந்ததே 21 பேர்! எனக்கு வயிற்றுப்போக்கு வராமல் காத்தது புரோபயாடிக்தான்.

ஆள் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் பேசுவது வேறு விஷயம். ஆன்டிபயாடிக் எடுக்கும்போது வரும் வயிற்றுப்போக்கைச் சில வகைகள் குறைக்கும், அதற்கு ஆதாரம் உண்டு. கலைந்துபோன சொந்தக் கூட்டம் மறுபடி கூடுவதற்கு அவை உதவுமா என்பதுதான் இங்கே கேள்வி.

மறுப்பு: அப்புறம் ஏன் டாக்டர்களே எழுதித் தருகிறார்கள்?

அந்த வயிற்றுப்போக்குக்காகத்தான். சாக்கரோமைசஸ் பௌலார்டி எழுதித் தந்திருப்பார்கள். அது ஈஸ்ட், பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதைத் தொடாது. உங்களுக்கு வயிறு கெடாமல் இருந்தது சந்தோஷம், ஆனால் எடுக்காமலேயே கெடாதவர்கள்தான் அதிகம்.

கேள்வி: தொப்பைக்கு நல்ல புரோபயாடிக் பெயர் சொல்லுங்களேன்?

பிராண்ட் கேள்விக்கு மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மலப் பரிசோதனையில் ஃபிர்மிக்யூட்ஸ் என்ற பாக்டீரியா பிரிவு அதிகமாம். அதனால்தான் குண்டாகிறேனா?

எலிகளில் கிளம்பிய கதை அது. மனிதர்களில் ஒரு ஆய்வு ஒருபக்கம் சொன்னால் இன்னொன்று மறுபக்கம் சொல்கிறது. அந்தக் காசுக்குக் காய்கறி வாங்குங்கள்.

கேள்வி: குறைமாதக் குழந்தைக்குப் புரோபயாடிக் சொட்டு கொடுக்கலாமா?

இங்கே கேட்காதீர்கள், குழந்தை மருத்துவரிடம் போங்கள். எதிர்ப்பு சக்தி பற்றி மேலே சொன்னது இதற்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

கேள்வி: நார்ச்சத்தைக் கூட்டினேன், வயிறு முழுக்க வாயு.

ஒரேயடியாகக் கூட்டியிருப்பீர்கள். பாதியாகக் குறைத்து, வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள், தண்ணீரும் கூடவே. வலியோ எடை இழப்போ ரத்தமோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கேப்சூல் பெயர் மட்டும்...

அடுத்தவர் கேளுங்கள்.