கண்ணாடி அணிந்ததற்கு அபராதமா?

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் இரண்டு ஆண்டுகளாக விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 12,000 ரூபாய். சீருடைச் சேலை, கொண்டை, உதட்டுச்சாயம் கட்டாயம். சாயம் பூசாத நாளுக்கும், பார்வைக்காக மூக்குக்கண்ணாடி அணிந்த நாளுக்கும் தலா 100 ரூபாய் பிடிக்கிறார்கள். போன மாதம் 800 ரூபாய் போய்விட்டது. 'மாராப்பில் ஊக்கு குத்தாதே, அப்போதுதான் வியாபாரம் நடக்கும்' என்கிறார் மேலாளர். எதிர்த்துக் கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, தக்கலை

பதில்: சகோதரி, சீருடை வைக்கக் கடைக்கு உரிமை உண்டு. தலைமைச் செயலகப் பெண் ஊழியர்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் என்று தமிழக அரசே 2019-இல் ஆணையிட்டது. ஆனால், உடையைச் சொல்லும் உரிமை சம்பளத்தில் கைவைக்கும் உரிமை ஆகாது.

எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்பதற்கு அரசின் முன் அனுமதி வேண்டும். அதை அறிவிப்பாக ஒட்ட வேண்டும். உங்கள் விளக்கத்தையும் கேட்க வேண்டும். இத்தனையும் செய்திருந்தாலும் ஒரு மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு அது 360 ரூபாய். பழைய 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் சொன்னதும், இப்போதைய 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்வதும் இதுதான். சம்பளச் சீட்டின் நகலோடு நாகர்கோவில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். கண் மருத்துவரின் சீட்டையும் இணையுங்கள். பார்வைக் குறைவுக்கு அணியும் கண்ணாடியை அலங்காரக் குறை என்று எந்த அதிகாரியிடமும் அவர்களால் நியாயப்படுத்த முடியாது.

மேலாளரின் பேச்சுக்கு வருகிறேன். மார்பை மறைக்கும் தோள்சீலை அணியும் உரிமைக்காகப் போராடி 1859-இல் திருவிதாங்கூர் அரசின் ஆணையைப் பெற்ற பெண்களின் மண் இது. இங்கே ஒருவர் மாராப்பு ஊக்கைக் கழற்றச் சொல்கிறார் என்று படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இதைச் சீருடை விதி என்று எண்ணிப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாலியல் நோக்குடைய பேச்சும் பணியிடத் துன்புறுத்தலே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். கடையில் குழுவே இல்லையென்றாலோ, புகார் முதலாளி மீதே என்றாலோ மாவட்டச் சமூகநல அலுவலகத்தை அணுகுங்கள். மேலாளர் கடைசியாக அப்படிப் பேசிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அவர் சொன்ன சொற்களை, நாள், நேரம், அருகில் இருந்தவர் பெயரோடு இன்றே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கைப்பேசிச் செய்தி ஏதும் இருந்தால் அழிக்காதீர்கள்.

வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. மீறினால் மேல்முறையீடு செய்யலாம். வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் விசாரியுங்கள்.