முதல் மசாஜ் கன்னா? விசை குறைந்ததையே வாங்குங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கும் வேலை. சில மாதங்களாக வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறேன், இரண்டு நாள் எடைப் பயிற்சி செய்கிறேன். ஸ்க்வாட்ஸ் (உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்த மறுநாளைவிட அதற்கடுத்த நாள்தான் தொடை அதிகமாக வலிக்கிறது, படி இறங்கவே முடியவில்லை. கூடப் பயிற்சி செய்கிறவர்கள், தசையை வேகமாகத் தட்டிவிடும் மசாஜ் கன் என்ற கைக்கருவியை வாங்கச் சொல்கிறார்கள். தேடிப் பார்த்தால் முப்பது வேகம், எட்டுத் தலை, 16 மில்லிமீட்டர் என்று ஏதேதோ போட்டிருக்கிறார்கள். விலை குறைந்த ஆரம்பநிலைக் கருவி போதுமா? எதைப் பார்த்து வாங்குவது? எப்படிப் பயன்படுத்துவது? என் அப்பாவுக்கு 68 வயது. இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்திருக்கிறார், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது என்கிறார். அவரும் இதைப் பயன்படுத்தலாமா?

மருத்துவர் பதில்: உங்களுக்கு ஆரம்பநிலைக் கருவி தாராளமாகப் போதும். அப்பாவுக்கு வேண்டாம். அவர் சொல்லும் அறிகுறியை முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் தொடை வலி. பழகாத பயிற்சிக்குப் பின் வரும் வலி பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, அப்புறம் தானாகவே வடியும். இரண்டாம் நாள் கூடுதலாக வலிப்பது இதன் இயல்பு. லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டதால் வரும் வலி என்று ஜிம்மில் சொல்வார்கள். அது சரியல்ல. பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அந்த அமிலம் ரத்தத்திலிருந்து வெளியேறிவிடுகிறது. வலிக்குக் காரணம் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும், அதைச் சரிசெய்ய உடல் உண்டாக்கும் அழற்சியும்தான். சுமையைத் தாங்கிக்கொண்டே தசை நீளும்போதுதான் இந்தச் சேதம் அதிகம். ஸ்க்வாட்டில் கீழே இறங்குவது, சரிவில் இறங்கி ஓடுவது எல்லாம் அந்த வகை. படி ஏறுவதைவிட இறங்கும்போது நீங்கள் அதிகம் தவிப்பதும் இதனால்தான்.

இந்த இடத்தில் மசாஜ் கன் என்ன செய்யும்? வலியைக் குறைக்கும், விறைப்பைத் தளர்த்தும். அதிர்வையும் தொடுதலையும் எடுத்துச் செல்லும் நரம்புகள் தூண்டப்படும்போது, தண்டுவடத்திலேயே வலிச் செய்தி ஓரளவு மட்டுப்படுகிறது. 1965இல் மெல்சாக், வால் என்ற ஆய்வாளர்கள் இருவர் முன்வைத்த கோட்பாடு இது. இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தேய்த்துவிட்டுக்கொள்வதும் அதே வேலைதான். 2020இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 16 ஆண்களுக்குக் கெண்டைக்காலில் ஐந்து நிமிடம் இந்தக் கருவியைப் பயன்படுத்தினார்கள். கணுக்கால் மடங்கும் அளவு சராசரியாக 5 பாகைக்குச் சற்று அதிகமாகக் கூடியது, தசையின் பலம் குறையவில்லை. பயன் உண்மைதான், ஆனால் அளவானது. சேதமான இழையை இந்தக் கருவி ஒட்டிவிடாது. அதைச் செய்வது தூக்கமும், போதுமான புரதமும், பயிற்சிகளுக்கு நடுவே விடும் இடைவெளியும்தான். சுமையை மெல்ல மெல்லக் கூட்டினால், அதே ஸ்க்வாட்ஸ் சில வாரங்களில் இவ்வளவு வலியைத் தராது. தசை பழகிக்கொள்ளும்.

சரி, வாங்கும்போது எதைப் பார்ப்பது?

விளம்பரத்தில் வேகங்களின் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். அதை விட்டுவிடுங்கள். மூன்று வேகம் இருந்தாலே போதும். அதிகபட்ச வேகம் என்னவென்று பார்ப்பதைவிட, மிகக் குறைந்த வேகம் என்னவென்று பாருங்கள். பல கருவிகள் நிமிடத்துக்கு 1,200 முதல் 3,200 அடிகள் வரை தருகின்றன. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதன் கீழ்ப்பாதியே போதும். குறைந்தபட்சமே 2,000க்கு மேல் இருக்கும் கருவி வேண்டாம்.

அடுத்தது, தலை எவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போய் வருகிறது என்பது. மில்லிமீட்டரில் போட்டிருப்பது இதைத்தான். சின்னக் கருவிகளில் 6 முதல் 10 மில்லிமீட்டர், விளையாட்டு வீரர்களுக்கானவற்றில் 12 முதல் 16 வரை இருக்கும். பருத்து இறுகிய தொடையும் பிட்டமும் உள்ள ஒரு வீரருக்கு 16 தேவைப்படலாம். உங்களுக்கு 8 முதல் 10 போதும். 16 மில்லிமீட்டர் கருவியை மெல்லிய சதையுள்ள முன்கையிலோ தோளிலோ வைத்தால் நேராக எலும்பில்தான் போய் இடிக்கும்.

இதைவிட முக்கியமானது ஸ்டால் ஃபோர்ஸ். அதாவது, எவ்வளவு அழுத்தினால் மோட்டார் திணறி நிற்கும் என்ற அளவு. இதை எல்லாரும் 'கூடுதலாக இருந்தால் நல்லது' என்று நினைக்கிறார்கள். முதன்முதலாக வாங்குகிறவருக்கு நான் நேர்மாறாகச் சொல்வேன். விலை குறைந்த கருவி, பலமாக அழுத்தினால் நின்றுவிடும். அதைக் குறையாகப் பார்க்க வேண்டாம், அதுவே பாதுகாப்பு. வலிக்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சரியாகிவிடும் என்று தோன்றும் அந்த நொடியில் கருவியே உங்களைத் தடுக்கிறது. அதற்காக லேசாகத் தொட்டாலே நின்றுவிடும் கருவியும் உதவாது. வாங்கும் முன் சோதிக்க முடிந்தால், நடு வேகத்தில் ஓடவிட்டுத் தொடையின் சதைப்பகுதியில் வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். கருவியின் சொந்த எடையும் கையின் லேசான அழுத்தமும் சேர்ந்தால் சத்தம் மாறாமல் ஓட வேண்டும். உள்ளங்கையால் ஊன்றி அழுத்தும்போதுதான் சத்தம் கனத்து, வேகம் குறைய வேண்டும். இந்த அளவு இருந்தால் சரியான கருவி.

எடையைக் கவனியுங்கள். ஒரு கிலோவுக்கு மேல் இருந்தால் மணிக்கட்டு சீக்கிரம் சோர்ந்துவிடும். அரைக் கிலோ முதல் முக்கால் கிலோ வரை சௌகரியம். பிடியில் ரப்பர் உறை இருக்கட்டும், அதிர்வு கைக்கு வருவது குறையும். பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும் வசதி இருந்தால் கட்டாயம் அதையே எடுங்கள். சத்தம் அதிகமென்றால் நாளடைவில் அதை எடுக்கவே மனம் வராது, அதனால் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு வாங்குங்கள். உள்ளே இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. கருவியோடு வந்த சார்ஜரையோ, தயாரிப்பாளர் சொல்லும் சார்ஜரையோ மட்டும் பயன்படுத்துங்கள். இரவு முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். பேட்டரிப் பகுதி உப்பினாலோ கையில் பிடிக்க முடியாத அளவு சுட்டாலோ அதோடு விட்டுவிடுங்கள்.

மாற்றி மாட்டிக்கொள்ளும் எட்டுத் தலைகளில் உங்களுக்கு வேண்டியது இரண்டு: உருண்டைத் தலை, தட்டைத் தலை. மென்மையான நுரைத்தலை இருந்தால் முதல் சில நாள் அதிலிருந்தே தொடங்கலாம். துப்பாக்கிக் குண்டு மாதிரிக் கூர்மையான தலையை எடுக்கவே எடுக்காதீர்கள். விசை முழுவதும் ஒரே புள்ளியில் இறங்கும். கவட்டை வடிவத் தலையை முதுகெலும்பின் இரு பக்கமும் கழுத்திலும் வைக்கச் சொல்லி விற்கிறார்கள். வீட்டில் தனியாகச் செய்துகொள்ளும் ஒருவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி பயன்படுத்தும் முறை. தொடையை எடுத்துக்கொள்வோம். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் வையுங்கள், தொடை தளர்ந்திருக்க வேண்டும். குறைந்த வேகத்தில் கருவியை ஓடவிட்ட பிறகே தோலில் வையுங்கள். முழங்கால் சில்லுக்கு நான்கு விரற்கடை மேலே தொடங்கி, இடுப்பை நோக்கி விநாடிக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வீதம் நகர்த்துங்கள். இது நீங்கள் நினைப்பதைவிட மெதுவான வேகம். அழுத்தவே வேண்டாம், கருவியின் எடையே போதும். ஒரு தசைக்கு ஒன்று முதல் இரண்டு நிமிடம், எல்லாத் தசைகளும் சேர்த்துப் பத்து நிமிடம். வலியைப் பத்துக்கு மதிப்பிட்டால் மூன்று, நான்கைத் தாண்டக் கூடாது. பல்லைக் கடித்துத் தாங்க வேண்டியிருந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். மூச்சு சீராக ஓட வேண்டும். பயிற்சிக்கு முன் என்றால் ஒரு தசைக்கு அரை நிமிடம் போதும்.

கெண்டைக்காலில் கவனம் தேவை. தடித்த சதையின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் மட்டும் செய்யுங்கள். முழங்காலின் பின்மடிப்புக்குப் போகவே கூடாது, அங்கே பெரிய ரத்தக் குழாய்களும் நரம்பும் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகின்றன. முழங்காலுக்கு வெளிப்புறம், சற்றுக் கீழே தடவினால் ஒரு சின்ன எலும்புக் குமிழ் கைக்குத் தட்டுப்படும். அதைச் சுற்றி வளைந்து போகும் நரம்பு அடிபட்டால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகலாம். அந்தக் குமிழுக்கு நாலு விரற்கடை தள்ளியே இருங்கள்.

கழுத்தின் முன்புறமும் பக்கவாட்டும், முதுகெலும்பு, விலா, அக்குள், தொடையிடுக்கு, வயிறு, முழங்கையின் உள்மடிப்பு: இங்கெல்லாம் கருவி வரக் கூடாது. கழுத்தைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்த சம்பவங்கள், கழுத்தில் இந்தக் கருவியை வைத்தவர்களிடம் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், ஆனால் பக்கவாதம் வரை போகக்கூடியது. கழுத்து இறுக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடமும் மெதுவான அசைவுகளும் போதும்.

நேரத்தை நீட்டுவதும் ஆபத்து. 2021இல் பதிவான ஒரு சம்பவத்தில், 25 வயதுப் பெண் ஒருவர் இந்தக் கருவியைப் பயன்படுத்திய பிறகு தசை சிதைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தசை சிதையும்போது அதிலிருந்து ரத்தத்தில் கலக்கும் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கருவியைப் பயன்படுத்திய பிறகோ கடும் பயிற்சிக்குப் பிறகோ சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனால், தசை வீங்கி அசைக்க முடியாமல் வலித்தால், மறுநாள் வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

ஓடும்போது 'சுருக்'கென்று ஒரே இடத்தில் வலித்துத் தசை கிழிந்த மாதிரி இருந்தாலோ, அடிபட்டு ரத்தம் கட்டியிருந்தாலோ கருவியை அந்த இடத்தில் வைக்காதீர்கள். ரத்தக்கட்டு உள்ள தொடைத் தசையைத் திரும்பத் திரும்பத் தட்டினால், உள்ளே எலும்பு வளரத் தொடங்கும் வாய்ப்புகூட உண்டு. ஓடுகிறவர்களுக்கு முன்கால் எலும்பில் விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலி வந்தால், எலும்பில் மயிரிழை முறிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் ஆழ்ந்த ரத்தக் குழாயில் உறைகட்டி இருக்கலாம். அந்தக் காலில் கருவியை வைப்பது உயிருக்கே ஆபத்து, கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இப்போது அப்பா. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சாதாரணத் தட்டலே தசைக்குள் ரத்தம் கசியப் போதுமானதாகிவிடலாம். கன்றிப்போவது மேலே தெரியும், உள்ளே கசிவது தெரியாது. அதனால்தான் வேண்டாம் என்றேன். அதற்காக மாத்திரையை அவராகவே ஒருநாள்கூட நிறுத்திவிடக் கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம்.

அதைவிட எனக்குக் கவலை தருவது அவருடைய கால் வலியின் தன்மை. கொஞ்சம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றாலோ உட்கார்ந்தாலோ சில நிமிடங்களில் விட்டுவிடுகிறது என்றால், காலுக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கியிருக்க வாய்ப்பு இருக்கிறது. இதயக் குழாயில் அடைப்பு வந்தவர்களுக்குக் காலிலும் அதே கொழுப்புப் படிவு இருப்பது சகஜம். முதுகில் நரம்பு நெருக்கப்பட்டாலும் இப்படி வரலாம், ஆனால் அவர்களுக்கு நின்றால் வலி அவ்வளவாகக் குறையாது, உட்கார்ந்தாலோ முன்னே குனிந்தாலோதான் குறையும். அப்பாவுக்கு வெறுமனே நின்றாலே விட்டுவிடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதனாலும் சிலருக்குத் தசை வலி வருவதுண்டு.

பரிசோதனை எளிது. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து இரண்டையும் ஒப்பிடுவார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் வரும் எண் 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் காலுக்கு ரத்தம் குறைவாகப் போகிறது என்று அர்த்தம். வலியில்லாத சோதனை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். அவருடைய இதய மருத்துவரிடம் அடுத்த முறை போகும்வரை தள்ளிப்போடாமல், இதற்கென்றே இந்த வாரம் நேரம் வாங்குங்கள். அதற்குள் படுத்திருக்கும்போதும் கால் வலித்தாலோ, பாதம் சில்லென்று வெளுத்துப் போனாலோ, விரலில் ஆறாத புண் தெரிந்தாலோ அன்றைக்கே அழைத்துப் போங்கள்.