சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு குன்னூர்ப் பக்கம் குடும்பம் நடத்துவது எப்படி இருக்கும்?

கோவையிலிருந்து வேலை மாற்றலாகி வருகிறோம், ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பையன்கள், குளிரை நினைத்தால்தான் பயம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

குளிருக்குப் பயப்படாதீர்கள். ஸ்வெட்டர் இருக்கிறது, குல்லா இருக்கிறது. பையன்கள் ஓடுகிற ஓட்டத்தில் அதையும் கழற்றி எங்கேயாவது போட்டுவிட்டு வருவார்கள். இங்கே அம்மாக்களைப் படுத்தி எடுப்பது ஈரம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிகிறது என்று டிவியில் காட்டுவார்களே, எனக்கு அதுதான் வருடத்தில் நிம்மதியான காலம். ராத்திரி நடுங்கினாலும் பகலில் சுள்ளென்று வெயில் அடிக்கும், போட்ட துணி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். துணி காய்ந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

நாங்கள் இருப்பது வெலிங்டனுக்கும் அருவங்காட்டுக்கும் நடுவில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. பெரியவன் மூன்றாவது படிக்கிறான், சின்னவன் யுகேஜி. அத்தை எங்களோடு இருக்கிறார். எனக்குப் பிறந்த ஊர் பொள்ளாச்சி. அதனால் கீழேயிருந்து வருகிறவர்களின் பயம் எனக்குத் தெரியும். (இங்கே 'கீழே' என்றால் மேட்டுப்பாளையமும் அதற்கு அப்பால் இருக்கிற உலகம் முழுவதும்.)

மழையைச் சொல்கிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி, ஊட்டிப் பக்கம் கொட்டும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெரிய மழை அக்டோபரிலிருந்து, வடகிழக்குப் பருவத்தில். அதற்காக ஆடி மாதம் இங்கே காய்ந்து கிடக்கும் என்று நினைக்க வேண்டாம். காலையில் பளிச்சென்று இருக்கும், வாளி நிறையத் துவைத்து மாடியில் போட்டுவிட்டு உள்ளே வருவீர்கள். பதினொரு மணிக்கு மிஸ்ட் இறங்கிவிடும். மழையே பெய்யாது, ஆனால் எடுத்துப் பார்த்தால் போட்டதைவிட ஈரமாக இருக்கும்.

இதில் எல்லாவற்றுக்கும் மேல் சாக்ஸ். சட்டை, டிரவுசரை ஈரத்தோடு இஸ்திரி போட்டாவது ஒப்பேற்றிவிடலாம். சாக்ஸின் விரல் பக்கம் தடிமனாக இருக்குமே, அது மட்டும் காயாது. மழைக் காலத்தில் எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் மேல், டிவி பெட்டிக்குப் பின்னால், கேஸ் அடுப்புக்கு மேலே அத்தை கட்டிய கயிற்றில், எங்கே பார்த்தாலும் சின்னச் சின்னச் சாக்ஸாகத் தொங்கும். விருந்தாளி வந்தால் எடுக்க நேரமிருக்காது, அவர்கள் பார்த்துக்கொண்டே காபி குடிப்பார்கள். ஷூவுக்குள் ராத்திரியே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வையுங்கள், காலையில் ஈரத்தை இழுத்திருக்கும். யூனிஃபார்ம் எடுக்கும்போது பள்ளியில் சொல்வதைவிட ஒரு செட் கூடவே எடுங்கள். சாக்ஸை டஜன் கணக்கில் வாங்கினாலும் யாரும் உங்களைச் சிரிக்க மாட்டார்கள்.

துணியோடு போனால் பரவாயில்லை. ஈரம் சுவரில் ஏறும். பீரோவுக்குப் பின்னால், கட்டில் தலைமாட்டில் கறுப்பாகப் பூசணம் பூக்கும். பையன்களில் ஒருவனுக்கு வீசிங் இருந்தால் இதுதான் முதல் எதிரி. குளிர்க்காற்றைத்தான் எல்லோரும் திட்டுவார்கள், பாவம் அது. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். வெயில் அடிக்கிற நேரத்தில் ஜன்னலை எல்லாம் திறந்துவிடுங்கள். குளிரும் என்று நாள் முழுக்க மூடி வைக்கிற வீட்டில்தான் பூசணம் அதிகம் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். குளிர் காலத்தில் யாராவது கரி அடுப்புக் கணப்பு ஒன்று கொடுத்து, 'ராத்திரி ரூமில் வைத்துக்கொள்ளுங்கள், கதகதவென்று இருக்கும்' என்பார்கள். மூடிய அறையில் வைத்துக்கொண்டு தூங்கவே தூங்காதீர்கள். கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. அப்படித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி இந்த மலையில் அவ்வப்போது வரும். எங்கள் வீட்டில் கணப்பு திண்ணையோடு சரி. படுக்கைக்கு ரப்பர் வெந்நீர்ப் பைதான், அதையும் பையன்கள் படுப்பதற்கு முன் எடுத்துவிடுவேன்.

சமையலில் கை பழகக் கொஞ்ச நாள் ஆகும். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் துவரம்பருப்பு, கொண்டைக்கடலைக்கெல்லாம் கீழே வைத்ததைவிட இரண்டு விசில் கூட வைக்க வேண்டும், கேஸும் சீக்கிரம் தீரும். தோசை மாவு பொங்கவே பொங்காது. ராத்திரி அரைத்து வைத்துக் காலையில் இட்லி ஊற்றுகிற கதை மார்ச், ஏப்ரலில் மட்டும்தான் நடக்கும். மற்ற மாதங்களில் நான் மத்தியானமே அரைத்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். தேங்காய் எண்ணெய் பாதி வருடம் கட்டியாகத்தான் இருக்கும். காலை அவசரத்தில் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டுவதற்குப் பதில் அகலமான டப்பாவில் ஊற்றி வைத்தால் விரலால் வழித்துத் தேய்த்துவிடலாம். பனிக் காலத்தில் கன்னம் வெடிப்பதற்கும் அதே எண்ணெய்தான். சின்னவன் அதைத் தடவியதும் சட்டைக் கையில் துடைத்துக்கொள்வான், அது வேறு கதை.

நல்லது இல்லாமலும் இல்லை. கேத்தி பள்ளத்தாக்கிலிருந்து வருகிற கேரட்டை என் பையன்கள் பச்சையாகவே கடித்துத் தின்கிறார்கள். பொள்ளாச்சியில் என் அண்ணன் பிள்ளைகளுக்கு அதைப் பொரியல் செய்து கெஞ்சி ஊட்ட வேண்டும். பள்ளி விட்டு வந்தால் பாலும் வர்க்கியும் (அடுக்கடுக்காக இருக்கிற மொறுமொறு பிஸ்கட்). இந்த வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைவிட, அது சோபா முழுக்க உதிரும் என்பதுதான் ஒரு அம்மாவாக நான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய தகவல். சீசனில் பேரிக்காய், பிளம்ஸ், தவிட்டுப்பழம். தவிட்டுப்பழம் தின்றுவிட்டு நாக்கெல்லாம் ஊதாவாக வந்து, 'நாங்க ஒண்ணும் தின்னலையே' என்பார்கள்.

சரி, பையன்கள் எங்கே விளையாடுவார்கள் என்று அடுத்து யோசிப்பீர்கள். சமதரை என்பது இங்கே அரிது. எங்கள் தெருவில் கிரிக்கெட்டுக்கு மேட்டுப் பக்கம்தான் பேட்டிங். பந்து பள்ளத்தில் உருண்டு தேயிலைக்குள் போனால் அவுட், அதோடு அடித்தவனே இறங்கிப் போய் எடுத்து வர வேண்டும். அதனால் நம் பிள்ளைகள் எல்லாம் தரையோடு தட்டித் தட்டித்தான் ஆடுகிறார்கள். இந்தத் தெருவிலிருந்து ஒரு சிக்ஸர் மன்னன் கிளம்புவான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. தோட்டத்தில் மருந்து அடித்திருந்தால் பந்து போனது போனதுதான், உள்ளே இறங்கக் கூடாது. மருந்து அடிக்கிற நாளைத் தோட்டத்தில் வேலை செய்கிற அக்காக்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தெரியாதது இங்கே எதுவும் இல்லை.

அடுத்தது காட்டெருமை. இதை நம்பித்தான் ஆக வேண்டும், வீட்டு வாசலுக்கே வரும். நன்றாக வளர்ந்த ஆண் மாடு ஆயிரம் கிலோ வரை இருக்கும், ஆனால் பெரும்பாலும் அது பாட்டுக்கு மேய்ந்துவிட்டுப் போய்விடும். நாம் பதறி ஓடினாலோ, வழியை மறித்தாலோ, நாய் குரைத்தாலோதான் வம்பு. பள்ளி வேன் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் பாதிச் செய்தி இதுதான்: 'வளைவுல மாடு நிக்குது, மேல் ரோட்டுல வாங்க.' போன மாதம் வேனுக்கு நேரமாகிவிட்டது. படிக்கட்டுக்குக் கீழே ஒன்று நின்று செடியைக் கடித்துக்கொண்டிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தவிக்கிறேன். சின்னவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அது சாப்பிட்டு முடிக்கட்டும்மா, நமக்கென்ன அவசரம்' என்றான். வேன் போய்விட்டது. அப்புறம் ஆட்டோ. ஆட்டோக்காரர் அண்ணன் காரணமே கேட்கவில்லை, 'மாடா?' என்று மட்டும் கேட்டார்.

கரடியும் உண்டு, அது ராத்திரி வேலைக்காரன். எண்ணெய் வாசனைக்கு வரும். கோயிலில் விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போன செய்தி அடிக்கடி கேட்பீர்கள். மிச்சச் சாப்பாட்டையும் குப்பைக் கூடையையும் ராத்திரி வெளியே வைக்காதீர்கள். சிறுத்தை நாய்க்குத்தான் வரும் என்பார்கள், ஆனாலும் எங்கள் வீட்டில் சட்டம் ஒன்றே: வெளிச்சம் குறைந்தால் உள்ளே. ஆறு மணி என்று சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை, மிஸ்ட் நாலரைக்கே இறங்கினால் ஆறு மணிக்கு என்ன அர்த்தம்? இப்போது 'எதிர்வீட்டு வேலி தெரியாவிட்டால் உள்ளே வந்துவிட வேண்டும்' என்று வைத்திருக்கிறேன். பெரியவன் அதிலும் வாதாடுவான், 'எனக்குத் தெரியுதும்மா' என்று.

பள்ளி விடுமுறை விஷயத்தில் கீழே இருக்கிற கணக்கு உதவாது. கனமழை என்றால் காலையில்தான் விடுமுறை அறிவிப்பு வரும், சில நாள் குன்னூர், கோத்தகிரி தாலுகாவுக்கு மட்டும் வரும். டிபன் பாக்ஸ் கட்டி, ஷூ மாட்டி, ரெயின்கோட் பொத்தான் போட்டு முடிக்கிற நேரத்துக்குச் சரியாக வரும். கட்டியதை வீட்டிலேயே பாக்ஸைத் திறந்து சாப்பிடுவது என் பையன்களுக்குத் தனி சந்தோஷம்.

கோடை விடுமுறையில் உங்களுக்குத் திடீரென்று சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். ஏப்ரல், மே சீசன். ஊட்டி மலர்க் கண்காட்சியும் சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சியும் அப்போதுதான். சாலை அடைத்துக்கொண்டு, பால் பாக்கெட் வாங்கப் போகிறவரும் நெரிசலில் நிற்பார். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகள் வருவதற்கு இ-பாஸ் வேண்டும், அதை வருகிறவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி வழியிலிருந்து உங்களுக்குத்தான் போன் வரும். சீசன் நேரத்தில் நாங்கள் எங்கும் போவதில்லை. மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் குன்னூர் ஸ்டேஷனுக்குப் போய் மலை ரயில் பார்ப்போம். மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும், குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு ஊட்டிக்கு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். அந்த மாற்றலைப் பார்க்க வைத்தால் ஆறு வயதுப் பையன் அரை நாள் சத்தமில்லாமல் இருப்பான். மழையில் கல்லாறுக்கு மேலே பாதையில் மண் சரிந்தால் நீராவி வண்டி நின்றுவிடும், அதை மட்டும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

கீழே போகிற பயணம் தனி. பதினான்கு கொண்டை ஊசி வளைவு. சின்னவன் பர்லியாறு வருவதற்குள் ஒரு முறை வாந்தி எடுத்தே தீருவான். கிளம்புவதற்கு முன் பால் கொடுக்காதீர்கள், இரண்டு இட்லி போதும். முன் ஸீட்டில் உட்கார வைத்து வெளியே பார்க்கச் சொல்லுங்கள், போனைக் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மாற்றுச் சட்டை டிக்கியில் அல்ல, உங்கள் மடியில் இருக்கட்டும்.

வீடு பார்க்கும்போது எல்லோரும் வியூ பார்ப்பார்கள். நீங்கள் வெயிலைப் பாருங்கள். காலை வெயில் எந்த ஜன்னலில் விழுகிறது, பின்பக்கம் மேட்டை ஒட்டிய சுவர் சில்லென்று ஈரமாக இருக்கிறதா, கையை வைத்துப் பாருங்கள். புதிதாக வெள்ளை அடித்த சுவரை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டுக்கு மேலே இருக்கிற தடுப்புச் சுவரில் விரிசல் இருக்கிறதா, மழைத் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 2009 நவம்பர் மழையில் இந்த மலையில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள், அதனால் இதில் கூச்சம் பார்க்காமல் வீட்டுக்காரரைக் கேளுங்கள். ரோட்டிலிருந்து எத்தனை படி என்று எண்ணுங்கள், தூங்குகிற மூன்று வயதுப் பிள்ளையையும் காய்கறிப் பையையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு நீங்கள்தான் ஏறப்போகிறீர்கள். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, தொட்டி எவ்வளவு பெரியது, இதையும் கேட்டுவிடுங்கள். வாடகை கொஞ்சம் கூட இருந்தாலும் வெயில் விழுகிற வீட்டையே பிடியுங்கள்.

எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்று கருத்தில் எழுதுங்கள். பெட்ஃபோர்டா, எல்லநள்ளியா, அருவங்காடா என்று தெரிந்தால் அங்கே தண்ணீரும் பள்ளி வேனும் எப்படி என்று விசாரித்துச் சொல்கிறேன்.