பூர்வகுடி நிலத்தில் சார்ஜர்: மானியம் பற்றி வாசகர் கேட்டவை

கனடாவில் மின்வாகனச் சார்ஜர் பொருத்தும் தொழிலில் இருப்பவன் நான். பூர்வகுடிச் சமூகங்களுக்கான மானியம் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சிலவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

சார்ஜர் செலவில் பூர்வகுடிகளுக்கு 75 வீத மானியம், எங்களுக்கு 50 வீதம். இது என்ன நியாயம்? (ஸ்காபரோ வாசகர்)

கோபமாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் கணக்கைப் பார்ப்போம். மத்திய அரசின் சார்ஜர் நிதித் திட்டம் 2019இல் தொடங்கியது. பிறகு வந்த பட்ஜெட்டுகள் அதை 68 கோடி டொலர் வரை வளர்த்தன. பொது விண்ணப்பதாரருக்குச் செலவில் பாதி கிடைக்கும். லெவல் 2 (சில மணி நேரத்தில் நிரப்பும் சாதாரண சார்ஜர்) இணைப்பு ஒன்றுக்கு 5,000 டொலர், 200 கிலோவாட்டும் அதற்கு மேலுமான வேக சார்ஜருக்கு 1 லட்சம் டொலர் என்று உச்சவரம்பும் உண்டு. பூர்வகுடி விண்ணப்பதாரர் என்றால் செலவில் முக்கால் பங்கு வரை போகும்.

ஏன் என்றால், நீங்கள் மார்க்கம் நகரில் கடை வைத்திருந்தால் கடையையோ வீட்டையோ ஈடு வைத்து வங்கியில் மிச்சப் பாதியைப் புரட்டலாம். ரிசர்வில், அதாவது பூர்வகுடிகளுக்கென்று அரசு ஒதுக்கிய நிலத்தில், அது நடக்காது. கனடாவின் 'இந்தியன் சட்டம்' (பெயர்தான் அப்படி, அது பூர்வகுடிகளைப் பற்றியது) அதன் 89ஆம் பிரிவில், ரிசர்வில் உள்ள பூர்வகுடிகளின் சொத்தை வெளியார் ஈடாகப் பிடிக்கவோ பறிமுதல் செய்யவோ விடாது. சட்டம் 1876இல் வந்தது. நிலத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி எழுதிய விதி, அந்த நிலத்தின் மேல் யாரும் கடன் தராத நிலையையும் கூடவே கொண்டுவந்தது. அந்த 25 வீத வித்தியாசத்தைச் சலுகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூடிய கதவுக்குப் பதிலாக வைத்த ஜன்னல் அது, அதுவும் சின்ன ஜன்னல்தான்.

தண்டர் பேக்கு அப்பால் ஒரு ரிசர்வில் பெற்றோல் நிலையத்தை லீசுக்கு எடுத்து நடத்துகிறேன். வேக சார்ஜர் போட நினைக்கிறேன். இடம் ரிசர்வ்தானே, எனக்கும் 75 வீதம் கிடைக்குமா?

கிடைக்காது. மானியம் இடத்தைப் பார்த்து வருவதில்லை, சொந்தக்காரர் யார் என்று பார்த்து வருவது. பொதுவாக 51 வீதமாவது பூர்வகுடிகளின் கையில் இருந்து, முடிவெடுப்பதும் அவர்களாக இருந்தால்தான் அது பூர்வகுடி நிறுவனம். யாரோ ஒருவரின் பெயரைக் கடதாசியில் போட்டு 51 ஆக்கிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். பிடிபட்டால் காசு திரும்பப் போகும், அந்த ஊரில் உங்கள் மரியாதையும் போகும்.

நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. சார்ஜர் பேண்ட் கவுன்சிலுடையதாக (பேண்ட் என்பது அந்த ரிசர்வின் சமூகம், கவுன்சில் அதன் நிர்வாக சபை) இருக்கட்டும். விண்ணப்பமும் அவர்களே போடட்டும். நீங்கள் இடத்தைப் பார்த்துக்கொள்வதற்கும் பராமரிப்புக்கும் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். சார்ஜர் ஓடும் அரை மணி நேரம் சாரதி உங்கள் கடையில்தானே கோப்பி குடிக்கப் போகிறார்.

இன்னொன்று. உங்கள் லீசில் சார்ஜரும் மின்மாற்றியும் வைக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியன் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட அனுமதிப்பத்திரத்துக்குக் கவுன்சிலின் சம்மதம் வேண்டும். சொந்தமாக நிலச் சட்டக்கோவை இயற்றிக்கொண்ட சமூகங்களில் ஒட்டாவா வரை போக வேண்டியதில்லை, அவர்களே முடிவெடுப்பார்கள். எதுவானாலும் கவுன்சில் தீர்மானம் கையில் வருமுன் சார்ஜர் ஓர்டர் பண்ணாதீர்கள்.

ரிசர்வில் சார்ஜர் பூட்டிக் கொடுக்கும் எலக்ட்ரீஷியன் நான். வரி போட வேண்டுமா? (பிராம்டன்)

வாங்குவது பேண்ட் அல்லது அந்தஸ்துப் பதிவுள்ள (இந்தியன் சட்டத்தின் கீழ் பெயர் பதிவான) தனிநபர் என்றால், பொருளை நீங்களோ உங்கள் ஏற்பாட்டில் வரும் வண்டியோ ரிசர்வுக்குள் கொண்டுபோய் இறக்கினால் விற்பனை வரி இல்லை. அவர்களே உங்கள் கடைக்கு வந்து தங்கள் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனால் அந்த விலக்கு பொருந்தாது. டெலிவரி ரசீதைப் பத்திரமாக வையுங்கள், தனிநபர் என்றால் அட்டை எண்ணையும், பேண்ட் என்றால் சான்றிதழையும் இன்வாய்சோடு சேர்த்துவிடுங்கள். பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பூர்வகுடி ஒருவர் நடத்தும் லிமிடெட் கம்பனிக்கு, அவர் முதலாளி என்பதற்காக மட்டும் இந்த விலக்கு வராது. சட்டத்தின் கண்ணில் கம்பனி வேறு, ஆள் வேறு.

வடக்கில் டீசல் ஜெனரேட்டரில் ஓடும் ஊர்களுக்கு மின்கார் எதற்கு? புகைக்குப் புகைதானே? (மிசிசாகா வாசகி)

நல்ல கேள்வி. ஒரு லீற்றர் டீசலில் ஏறக்குறைய மூன்றரை யூனிட் மின்சாரம் வரும். குளிர்காலத்தில் நூறு கிலோமீற்றருக்கு 30 யூனிட் தின்னும் காருக்கு எட்டரை லீற்றர் டீசல் எரிக்க வேண்டும். பெற்றோல் கார் குடிப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஜெனரேட்டர் ஏற்கெனவே திணறுகிற ஊரில், புது வீட்டுக்கே இணைப்புக் கொடுக்க முடியாத இடத்தில், சார்ஜருக்கு மானியம் கேட்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆனால் வரைபடம் மாறிக்கொண்டிருக்கிறது. பூர்வகுடிகளில் ஒரு தரப்பான முதற்குடிகளின் 24 சமூகங்கள் 51 வீதம் பங்கு வைத்திருக்கும் வட்டாய்னிகனேயாப் மின்தடம் வடமேற்கு ஒன்ராறியோவில் 1,800 கிலோமீற்றர் நீளத்துக்குப் போடப்பட்டிருக்கிறது. 'ஒளி கொண்டுவரும் கம்பி' என்று மூத்தோர் வைத்த பெயர் அது. பிக்காங்கிக்கம் என்ற ஊர் 2018 டிசம்பரிலேயே டீசலை விட்டு இறங்கியது. அப்படிக் கம்பி வந்துசேர்ந்த ஊரில், லொறியிலோ விமானத்திலோ வரும் பெற்றோலின் விலையைப் பார்த்தால் மின்கார் கணக்கு வேறு மாதிரி வரும்.

வின்னிபெக் பக்கம் எல்லாப் பார்க்கிங்கிலும் என்ஜின் சூடாக்க பிளக் இருக்கிறதே. அதில் காரைப் போட்டால் போதாதா?

120 வோல்ட்டில் 12 ஆம்பியர், அதாவது 1.4 கிலோவாட். கோடையில் இராத்திரி முழுக்கப் போட்டால் எழுபது, எண்பது கிலோமீற்றர் தேறும். மைனஸ் 30இல் அந்த மின்சாரம் பற்றரியைச் சூடாக வைத்திருக்கவே சரியாகிவிடும். அது போக, பல இடங்களில் அந்த பிளக்குகள் டைமரில் விட்டு விட்டு ஓடுகின்றன. காலையில் வந்து பார்த்துவிட்டுக் காரைத் திட்டாதீர்கள்.

ஒரு சமூகத்தின் மோட்டலுக்கு ஆலோசனை சொல்கிறேன். காசு வருகிறது என்பதால் வேக சார்ஜரே கேட்கலாமா?

தங்குகிறவர் பத்து மணி நேரம் தூங்குகிறார். அவருக்கு எதற்கு வேக சார்ஜர்? நான்கு லெவல் 2 போடுங்கள். வேக சார்ஜருக்கு மூன்று பேஸ் மின்சாரம் வேண்டும்; அது வீதியில் வரவில்லை என்றால் கம்பி இழுக்கும் செலவில் மானியம் கரைந்துவிடும். பிறகு மாதாமாதம் உச்சத்தேவைக் கட்டணம் இருக்கிறது. முழு மாதத்தில் ஒரே ஒரு வண்டி வந்து 100 கிலோவாட் இழுத்துவிட்டுப் போனாலும், அந்த 100க்கும் பில் வரலாம். மானியம் சாமானுக்கும் பூட்டுக்கூலிக்கும்தான், மின்பில்லுக்கு இல்லை. நான் போட்டுக் கொடுத்த ஒரு வேக சார்ஜரில் கேபிள் போய், மாற்றுக் கேபிள் வந்துசேர நான்கு மாதம் ஆனது. அந்தக் கோடை முழுக்க அது ஒரு விலையுயர்ந்த தூணாக நின்றது.

மோட்டல் நெடுஞ்சாலையை ஒட்டி, அடுத்த வேக சார்ஜர் நூறு கிலோமீற்றர் தள்ளி இருந்தால் மட்டும் என் பதில் மாறும்.

விண்ணப்பம் போட்டாயிற்று. வேலையைத் தொடங்கலாமா?

வேண்டாம். ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் செய்த செலவு பெரும்பாலும் கணக்கில் சேராது. அதோடு, பல திட்டங்களில் நீங்கள் செலவழித்த பிறகுதான் காசு திரும்பி வரும். இடைப்பட்ட மாதங்களை எந்தப் பணத்தில் ஓட்டுவது என்று கவுன்சிலின் கணக்காளரிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

'பழங்குடி' என்று எழுதலாமா?

நான் 'பூர்வகுடி' என்றுதான் எழுதுகிறேன். ஆனால் 1982 அரசியலமைப்பின் 35ஆம் பிரிவிலேயே முதற்குடிகள் (அங்கே உள்ள சொல் 'இந்தியர்'), இனுவிட், மேட்டிஸ் என்று மூன்று தரப்பு உண்டு. ரிசர்வ், பேண்ட் என்று மேலே நான் சொன்னவை முதற்குடிகளுக்குத்தான் பொருந்தும். விண்ணப்பத்தில் பொதுச்சொல் போடாதீர்கள். அந்தச் சமூகம் தன்னை எந்தப் பெயரில் அழைக்கிறதோ அதை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுங்கள்.