தீ அணைந்த பிறகு: சுத்தம் செய்வதா, தொடாமல் விடுவதா?

கேள்வி: வாடகைக் கட்டடத்தில் துணிக் கிடங்கும் சிறு அலுவலகமும் நடத்துகிறோம். நேற்றிரவு மின்கசிவால் தீப்பிடித்தது. சரக்கில் பாதி எரிந்துவிட்டது, மீதி நனைந்து கிடக்கிறது. காப்பீடு இருக்கிறது, வங்கிக் கடனும் இருக்கிறது. உடனே சுத்தம் செய்து திறக்கலாம் என்கிறார் பங்குதாரர். காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் வரும்வரை எதையும் தொடக்கூடாது என்கிறார் கணக்காளர். எது சரி?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி சரி. சேதத்தைப் படமெடுத்து, எண்ணிப் பதிவு செய்யுமுன் சுத்தம் செய்தால் ஆதாரம் போய்விடும். பதிவு செய்தபின் சும்மா இருந்தால் சேதம் வளரும். கவனிக்காமல் விட்டதால் கூடிய இழப்பைத் தரக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம்.

தீயணைப்புத் துறை அனுமதித்த பிறகே உள்ளே போங்கள். மின்பணியாளர் சோதிக்காமல் மெயின் சுவிட்சைப் போடாதீர்கள். இரும்புப் பெட்டகம் இருந்தால் நன்றாக ஆறும்வரை திறக்க வேண்டாம். உள்ளே சூடு அடைந்திருக்கும்போது காற்றுப் புகுந்தால் தப்பியிருந்த காகிதமும் பற்றிக்கொள்ளும்.

இன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். இழப்பை மதிப்பிட அவர்கள் அனுப்பும் ஆள்தான் சர்வேயர். மின்கசிவு என்று உங்களுக்குத் தோன்றினாலும், விசாரணை முடியுமுன் அதையே காரணம் என்று எழுதித் தராதீர்கள். ‘காரணம் விசாரணையில் உள்ளது’ என்பதே உண்மை. வாடகைதாரராக இருப்பதால் இது உங்களுக்கு இன்னும் முக்கியம். கட்டடச் சேதத்துக்கு நீங்கள் பொறுப்பா, உரிமையாளரின் வயரிங் பொறுப்பா என்ற கேள்வி கட்டாயம் எழும். எரிந்த மின்பலகை, வயர்த் துண்டுகளை அப்படியே விட்டுவையுங்கள்.

பிறகு சரக்கு. ஒவ்வொரு அடுக்கையும் தூரத்திலிருந்தும் பக்கத்திலிருந்தும், லேபிள் தெரியும்படி படமெடுங்கள். எரிந்தது, நனைந்தது, புகை நாற்றம் ஏறியது, நல்லது என நான்காகப் பிரித்து எண்ணுங்கள். ஈரத் துணியில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்கும். ஆகவே ‘நாளை காலை உலர்த்தத் தொடங்குகிறோம், அதற்குள் சர்வேயரை அனுப்புங்கள்’ என்று மின்னஞ்சல் போட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். ஆனால் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் எதையும் விற்கவோ குப்பைக்கு அனுப்பவோ வேண்டாம். கணினிகள் நன்றாகத் தெரிந்தாலும் இயக்கிப் பார்க்காதீர்கள். பிளாஸ்டிக் எரிந்த புகைக்கரியில் அமிலம் இருக்கும்; ஈரத்தோடு சேர்ந்து மின்சுற்றை அரித்துவிடும். நனைந்த கணக்குப் புத்தகங்களை உடனே உலர்த்த முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு உறைநிலையில் வையுங்கள், பூஞ்சை நிற்கும்.

எரிந்தே போன சரக்கை எப்படி நிரூபிப்பது? தொடக்க இருப்போடு கொள்முதலைக் கூட்டி, விற்ற சரக்கின் அடக்கவிலையைக் கழிக்க வேண்டும். விற்பனைத் தொகையை அப்படியே கழிப்பது வழக்கமான தவறு. லாபத்தை நீக்கிவிட்டுக் கழியுங்கள். பில்கள் எரிந்திருந்தால் சப்ளையர்களிடம் நகல் கேளுங்கள். வங்கிக்கு நீங்கள் மாதாமாதம் கொடுத்த சரக்கு இருப்பு அறிக்கையைச் சர்வேயர் நிச்சயம் கேட்பார். அதுவும் கோரிக்கையும் மாறுபட்டால் கேள்வி எழும், விளக்கத்தை முன்பே தயார் செய்யுங்கள்.

பாலிசியில் ‘சராசரி விதி’ இருக்கிறதா பாருங்கள். சரக்கின் முழு மதிப்புக்குக் காப்பீடு எடுக்காவிட்டால், இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைக்கும் விதி இது. பலருக்குப் பணம் குறைவது இங்கேதான். சரக்கின் மதிப்பு 100, காப்பீட்டுத் தொகை 60 என்றால், 30 அளவு இழப்புக்கு 18தான் கிடைக்கும். பாதிதானே எரிந்தது, 60 போதும் என்ற கணக்கு செல்லாது.

தொழில் இடைநிறுத்தக் காப்பீடு தனியாக எடுத்திருந்தால், இழந்த லாபமும் தொடர்ந்து கட்டும் வாடகை, சம்பளமும் அதில் வரும். இந்த இழப்பீடு கிடைக்கும் காலக்கெடு பெரும்பாலும் தீப்பிடித்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும், எனவே தாமதம் உங்கள் கணக்கில்தான் சேரும். மாற்று இடம், கூடுதல் போக்குவரத்து ஆகியவற்றுக்குத் தனிக் கோப்பு வைத்து எல்லா ரசீதையும் அதில் போடுங்கள்.

பாலிசியில் வங்கியின் பெயர் இருந்தால் இழப்பீடு முதலில் கடனுக்குப் போகலாம். எனவே இந்த வாரமே வங்கி மேலாளரைப் பார்த்துத் தவணையைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். இழப்பீடு தருவது தன் பொறுப்பு என்று காப்பீட்டு நிறுவனம் ஏற்றதும், இறுதிக் கணக்கு முடியுமுன்பே அதனிடம் இடைக்காலத் தொகை கோரலாம். கேட்காவிட்டால் பெரும்பாலும் தர மாட்டார்கள்.

இழப்பீட்டில் சதவீதம் கேட்டு இடத்துக்கே வரும் இடைத்தரகரிடம் முதல் நாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்’ என்ற சீட்டு வந்தால், எந்தெந்தத் தொகை ஏன் வெட்டப்பட்டது என்ற விவரத்தை எழுத்தில் வாங்கிப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.