நான்கு மாதக் கர்ப்பம். "ஒப்பந்தம் முடிந்தது" என்கிறது கம்பெனி

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலை அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு வருட ஒப்பந்தம் போட்டு, மூன்று வருடம் ஓடிவிட்டது. இப்போது எனக்கு நான்கு மாதம். பிரசவம் பிப்ரவரி மூன்றாம் வாரம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். மேனேஜரிடம் வாட்ஸ்அப்பில் தெரிவித்தேன். மறுவாரமே, "நீயே ராஜினாமா எழுதிக் கொடு, ஒரு மாதச் சம்பளம் தருகிறோம். இல்லாவிட்டால் செப்டம்பர் 30-ஓடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க மாட்டோம்" என்கிறார்கள். என்னைப் போலவே ஒப்பந்தத்தில் இருக்கும் இரண்டு ஆண்களுக்குப் புதுக் கடிதம் வந்துவிட்டது. மலேசிய அரசியலமைப்புச் சட்டத்தின் 8-ஆவது விதியை வைத்துக் கேஸ் போடலாம் என்கிறான் தம்பி. என் கணவர் அதே ஆலையில் லோரி ஓட்டுகிறார். அதனால் "வம்பு வேண்டாம், கையெழுத்துப் போட்டுவிடு" என்கிறார் மாமியார். நான் என்ன செய்வது?

பதில்: அன்புத் தங்கைக்கு, முதலில் ஒன்று. அந்த ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் எல்லாம் போய்விடும் என்று சொல்லவில்லை. மிரட்டி வாங்கிய ராஜினாமா சட்டத்தின் கண்ணில் வேலைநீக்கம்தான். ஆனால் மிரட்டினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். கையெழுத்துப் போடாதவரை பாரம் அவர்கள் பக்கம் இருக்கிறது. ஒரு மாதச் சம்பளத்துக்காக அந்த இடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

தம்பி நல்ல பிள்ளை. விதி 8(2) பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. 'பால்' என்ற சொல் 2001-இல்தான் அதில் சேர்ந்தது. ஆனால் அந்த விதி அரசாங்கத்தையும் அதன் அமைப்புகளையும்தான் கட்டுப்படுத்தும். பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் என்ற விமானப் பணிப்பெண் கர்ப்பமானதால் வேலையை இழந்து நீதிமன்றம் போனார். தனியார் முதலாளி மீது அரசியலமைப்பு உரிமையை நிலைநாட்ட முடியாது என்று 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு இன்றும் எனக்கு வலிக்கிறது. கர்ப்பம் என்று தெரிந்ததும் அரசுப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர் வேலை பறிபோன நூர்ஃபடில்லா என்பவருக்கு, 2011-இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் அதே 8(2)-ஐ வைத்துத்தான் நியாயம் வழங்கியது. அவருக்கு வேலை கொடுத்தது அரசாங்கம், உங்களுக்குத் தனியார் கம்பெனி, வித்தியாசம் அவ்வளவுதான். உங்கள் வழக்குக்கு அந்தக் கதவு திறக்காது.

உங்களுக்குத் திறந்திருக்கும் கதவு 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். 2023 ஜனவரி 1 முதல் அதில் 41ஏ என்ற பிரிவு இருக்கிறது. கர்ப்பிணியை வேலையிலிருந்து நிறுத்துவது, நிறுத்தப்போவதாக நோட்டீஸ் கொடுப்பது, இரண்டுமே குற்றம். ஒப்பந்த நிபந்தனையை வேண்டுமென்றே மீறியது, ஒழுங்கீனம், தொழிலையே மூடுவது ஆகிய மூன்று காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நிறுத்தியது கர்ப்பத்தினால் அல்ல என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும்.

இது கம்பெனிக்கும் தெரியும். அதனால்தான் "நாங்கள் நிறுத்தவில்லை, ஒப்பந்தம் தானாக முடிகிறது" என்ற பேச்சு. தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். பேறுகால அலவன்ஸ் கிடைக்க, பிரசவத்துக்கு முந்திய நான்கு மாதத்துக்குள் ஒரு நாளாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். பிப்ரவரி மூன்றாம் வாரத்திலிருந்து பின்னால் எண்ணினால் அக்டோபர் மூன்றாம் வாரம் வரும். செப்டம்பர் 30-இல் அனுப்பிவிட்டால் ஏறக்குறைய மூன்று வாரத்தில் 98 நாள் பேறுகாலச் சம்பளம் கைநழுவிப் போகிறது. கணக்குப் போட்டுச் செய்தார்களா என்பது எனக்குத் தெரியாது. செய்யாவிட்டாலும் இழப்பு உங்களுக்குத்தான்.

"ஒப்பந்தம் முடிந்தது" என்பதற்கும் பதில் உண்டு. கடிதத்தில் 'ஒரு வருடம்' என்று எழுதியிருப்பதோடு நீதிமன்றம் நிற்பதில்லை. இரு தரப்பின் நோக்கம் என்ன, முதலாளி பிறகு எப்படி நடந்துகொண்டார், வேலையின் தன்மை என்ன என்று பார்க்க வேண்டும் எனக் கூட்டரசு நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. ஆலை ஓடும் வரை அலுவலகத்துக்குக் கிராணி தேவை. மூன்று வருடம் கேள்வியில்லாமல் புதுப்பித்தார்கள். அதே மாதத்தில் ஆண்கள் இருவருக்குப் புதுக் கடிதம் வந்திருக்கிறது. உங்கள் கையில் இருப்பதில் ஆகப் பலமான சாட்சி இதுதான் என்பேன்.

வேலையில் இருக்கும்போதே ஈப்போவில் உள்ள தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். 41ஏ-வின் கீழ் ஒரு புகார், வேலையிடப் பாகுபாட்டை விசாரிக்கும் 69எஃப் பிரிவின் கீழ் ஒரு புகார், இரண்டையும் எழுதிக் கொடுங்கள். 69எஃப்-இன் கீழ் வரும் உத்தரவை மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். மீறல் நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 1,000 ரிங்கிட் வரை கூடும்.

அதற்கும் மசியாமல் 30-ஆம் தேதி அனுப்பிவிட்டால், வேலையைத் திரும்பக் கேட்கும் வழி வேறு. 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில், தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். கெடு 60 நாள்; உங்களுக்கு நவம்பர் 29. ஒரு நாள் தவறினாலும் ஏற்கமாட்டார்கள். வாந்தி, மயக்கம், தொழிலாளர் இலாகாவின் பதில் வரவில்லை என்று எந்தக் காரணமும் அங்கே எடுபடாது. அக்டோபர் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். சமரசப் பேச்சுக்கு வக்கீல் வைக்க வேண்டியதில்லை. சமரசம் ஆகாவிட்டால் விவகாரம் தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே ஜெயித்தால் மறுபடி வேலை, அல்லது அதற்கு ஈடான தொகை. விடுபட்ட சம்பளம் 24 மாதம் வரை.

மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் தாயார் ரப்பர் தோட்டத்தில் நிறைமாதத்திலும் பால்வாளி தூக்கிப் பால்மரம் வெட்டியவர். என்னை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு விடியுமுன் பெரட்டுக்கு (ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு) ஓடியவர். வேலையை மேற்பார்க்கும் தண்டலிடம் எதிர்த்துப் பேசினால் மறுநாள் வீட்டுக்காரர் வேலையும் போகும், லயத்து வீடும் போகும் என்ற காலம் அது. அந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. ஆனால் மனைவி புகார் கொடுத்தார் என்பது கணவரை நிறுத்த நியாயமான காரணமாகாது. அப்படிச் செய்தால் அவருக்கும் அதே 20-ஆவது பிரிவு இருக்கிறது. அவருடைய ஓட்டக் கணக்கு, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் இப்போதிருந்தே படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் சேர்க்க வேண்டியவை: மூன்று ஒப்பந்தக் கடிதங்கள், மேனேஜருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, தேதி போட்ட கிளினிக் புத்தகம், சம்பளச் சீட்டுகள். அவர்கள் வாயால் சொன்னதை இன்றைக்கே எழுத்தாக்குங்கள். "ராஜினாமா செய்யச் சொன்னீர்கள், எனக்குச் சம்மதமில்லை, தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்" என்று மேனேஜருக்கு மலாயில் மூன்று வரி அனுப்புங்கள். மறுநாள் வழக்கம்போல் நேரத்தோடு வேலைக்குப் போங்கள்.